ஒரு காற்றாடி என்றால் மூன்று

பழைய காலண்டர் அட்டைகளை
முதுகோடு முதுகு ஒட்டி
இரண்டாம் வகுப்புச் சுவரளவுக்கு நீட்டினேன்.
இடது ஓரம் இருபத்து மூன்று பெயர்.
வலப்பக்கம் காற்றாடிகள்.
அடியில் குறிப்பு:
ஒரு காற்றாடி என்றால் மூன்று திறன்,
ஒன்று கற்றால் ஓர் இறகு.

ஆரல்வாய்மொழியில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.
ஜன்னலைத் திறந்தால்
கணவாய் முழுக்க அதே படம் சுற்றுகிறது.

பயிற்சி வகுப்பில் மீன் வரையச் சொன்னார்கள்.
அரை மீன் வந்தால் தலையா, வாலா என்று
குளச்சல் டீச்சர் ஒருத்தி கேட்டாள்.
பதிலுக்கு முன்பே டீ வந்துவிட்டது.

ஆனியில் ஒட்டத் தொடங்கினேன்.
ரெஜிலாவுக்கு ஐந்து காற்றாடி, ஆறாவதில் ஓர் இறகு.
தாணுலிங்கத்துக்கு நான்கு.
ஆன்றோ பெனிட்டுக்கு இரண்டுதான்,
ஆனால் ‘அ’வைக் கூடத் தலைகீழாகப் பிடித்தவன்
அங்கே வந்து சேர்ந்திருக்கிறான்.
வந்து நின்ற இடம் அட்டைக்குத் தெரியும்.
கிளம்பிய இடம் தெரியாது.

“லே, ஒனக்கு நாலு, எனக்கு அஞ்சு”
குழாயடியிலும் இதே பேச்சு.
சுயம்பு, பசை காயுமுன் ஓர் இறகைப் பிய்த்துத்
தன் வரிசையில் ஒட்டிக்கொண்டான்.
அவசரத்தில் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது.
ஆவணி முகூர்த்த நாட்கள் சிவப்பில் தெரிய
அகப்பட்டான்.

வட்டார வளமைய சார் வந்தார்.
ஃபோனில் படம் எடுத்தார்.
“நல்லா கலரா இருக்கு டீச்சர்.”
இரண்டு விரலால் பெரிதாக்கி
ஒரு வெறும் வரிசையில் நிறுத்தினார்.
“இந்தப் பிள்ளை மெல்லக் கற்கிறதோ?”
“ஆமா சார்.”

சொல்லிவிட்டேன்.
அத்தனை சுலபமாக வந்தது.

இசக்கிப்பிரியா. பதினெட்டாவது பெயர்.
மதியம் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு
என் பதிவேட்டைப் புரட்டினேன்.
அவளிடம் எழுத்துக் கேட்ட தேதி இல்லை.
கணக்குக் கேட்ட தேதி இல்லை.
முதலில் அவளுக்குக் காய்ச்சல்,
பிறகு எனக்கு வாக்காளர் பட்டியல் வேலை,
பிறகு என்ன?
பிறகு ஒன்றும் இல்லை. மறந்துபோனேன்.

தெரியாதவளின் வரிசையும்
கேட்கப்படாதவளின் வரிசையும்
அட்டையில் ஒரே வெள்ளை.

“டீச்சர், அந்தா அந்தக் காத்தாடி நிக்குல்லா,”
தாணுலிங்கம் யாரும் கேட்காமலே சொன்னான்,
“காத்து இல்லாம இல்ல. ரிப்பேரு.
இவளுக்க அப்பாதான் அங்க வாச்மேன்.”

அவளைக் கூப்பிட்டேன். எண் அட்டைகளை விரித்தேன்.
தொண்ணூற்றொன்பதோடு
இரண்டாம் வகுப்பின் உலகம் முடிகிறது.
அவள் அட்டையைப் பார்க்கவில்லை.
வெளியே பார்த்துச் சொன்னாள்:
“நானூத்திப் பதினேழு.
அதுக்க பக்கத்துல பதினெட்டு.
நானூத்தி இருவது நேத்துதான் ஓடிச்சு.”

தூண்களில் கறுப்புப் பெயிண்டில் எழுதியவை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டும்
எனக்கு ஒரு புள்ளிதான் தெரிந்தது.
மூன்று இலக்கத்துக்கு என் அட்டையில் கட்டமே இல்லை.

சாயங்காலம் சாருக்கு ஃபோன் செய்தேன்.
அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்றேன்.
“நேத்தே ஏத்தியாச்சே டீச்சர், இனி அடுத்த மாசம்தான்.”

மறுநாள் இறகில்லாத தூண்கள் வெட்டினேன்.
கேட்டாயிற்று, இன்னும் வரவில்லை என்றால் தூண்.
தூணும் இல்லாத இடம் என் பாக்கி.
எண்ணினேன். பதினொன்று.
சுயம்பு இன்னொரு முறை எண்ணிப் பார்த்து
பன்னிரண்டு என்றான். அவன்தான் சரி.

இசக்கிப்பிரியா தன் முதல் இறகைத் தானே ஒட்டினாள்.
பெருவிரலால் அழுத்திக்கொண்டே நின்றாள்.
மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள்,
அவள் விரலை எடுக்கவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது.
ஆடி மாதம்.